தபால்பெட்டியில் ஒரு சிங்கிளேர்

ஹரிசன் தன் மனைவியின் முதல் கணவனை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிக் குடிபுகுந்த நாளிலிருந்து, தபால்பெட்டியைத் திறக்கப் போகும்போதெல்லாம் அந்த ஆளின் பெயரில்தான் விழிக்க வேண்டியிருந்தது. பெட்டியில் இரண்டு பெயர்கள். மேலே டிலக்சி சிங்கிளேர். கீழே ஹரிசன் மகேந்திரராசா. இடம் போதாது என்று கீழே இருந்த பெயரின் எழுத்துகளை மட்டும் கடைக்காரன் சின்னதாக்கிக் கொடுத்திருந்தான்.

அந்திரேயாஸ் சிங்கிளேர் என்பது அவன் முழுப்பெயர். பாட்டன் ஸ்கொட்லாந்துக்காரன், கப்பல் எஞ்சினியராகப் பேர்கனுக்கு வந்து ஒரு நோர்வே பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவன். பல் வைத்தியம் படிக்கப் போன இடத்தில் டிலக்சி பேரனைச் சந்தித்தாள். இருபத்தைந்து வயதில் கல்யாணம், இருபத்தொன்பதில் பிரிவு. அடிபிடி, அழுகை, வழக்கு, ஒன்றும் இல்லை. அவனுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது, இவளுக்குப் போக விருப்பமில்லை, அவ்வளவுதான். சண்டை பிடித்துப் பிரிந்திருந்தால் ஹரிசனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நல்லபடியாகப் பிரிந்தவனை எப்படித்தான் வெறுப்பது?

பிரிந்தாலும் பெயரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் இல்லை. டிலக்சி கொடுக்கவும் இல்லை. ட்வெய்ட்டாவில் அவள் வேலை செய்யும் பல் வைத்திய நிலையக் கதவிலும் அந்தப் பெயர்தான். அங்கே வரும் தமிழர்களுக்கு அவள் ‘சிங்கிளேர் டொக்டர்’. மன்னார்க்காரர் ஸ்ரனிஸ்லாஸ் அதை ஏதோ ஒரு புனிதரின் பெயராக்கும் என்று எண்ணி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டே, “பிள்ளை எந்தக் கோயில் பங்கு?” என்று கேட்டாராம். டிலக்சி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஹரிசனுக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்யாணத்துக்கு முதல் அவன் அவளிடம் பெயரைப் பற்றி ஒரேயொரு தடவை கேட்டான். கேட்டுவிட்டு, அவள் வாய் திறக்க முதலே, “உம்மடை விருப்பம், எனக்கு ஒண்டும் இல்லை” என்றும் சொல்லிவிட்டான். ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்த படித்த மனிதன் வேறு எப்படிச் சொல்லுவான்? அவள் அதை அப்படியே நம்பினாள். தன் விருப்பப்படியே விட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவன் வயிற்றில் பிடித்த எரிச்சல் மூன்று வருடமாக அணையவில்லை.

டிலக்சி கர்ப்பமானதும் அது இரண்டு மடங்காகியது. பிறக்கப் போகும் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் என்ன வரும்? தபால்பெட்டியில் இன்னும் ஒரு சிங்கிளேரா? அவனுடைய இரத்தம், அந்திரேயாஸின் பெயரா? இதை வாய்விட்டுக் கேட்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்படுகிறவன் செய்கிற வேலையைத்தான் அவனும் செய்தான். இரகசியமாக எதிரியைப் பற்றி ஆராயத் தொடங்கினான்.

வேலையில் மதிய இடைவேளை அரை மணித்தியாலம். பாணைக் கடித்துக்கொண்டு அவன் சிங்கிளேர்களின் சரித்திரம் படித்தான். ஏதாவது ஒரு கேவலம் அகப்படும், ஆட்டுத் திருடனாவது ஒருவன் இருப்பான் என்று தேடியவனுக்கு, பக்கம் பக்கமாகப் பிரபுக்கள்தான் வந்தார்கள். பெயர் பிரான்சில், நோர்மண்டியில், சென் கிளேர் என்ற ஊரின் பெயராம். அந்த நோர்மண்டிக்காரர்களே இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன வடதேசத்தார் வழி வந்தவர்களாம். பிரான்சிலிருந்து இங்கிலாந்து, அங்கிருந்து ஸ்கொட்லாந்து. அங்கே ஒரு ஹென்றி சிங்கிளேருக்கு, 1379இல், ஓர்க்னித் தீவுகளின் பிரபுப் பட்டத்தைக் கொடுத்தவரே நோர்வே அரசர்தான். ஒரு வில்லியம் சிங்கிளேர் ரொஸ்லினில் தேவாலயம் கட்டினார், இன்றைக்கும் சனம் டிக்கெட் எடுத்துப் பார்க்கிறது. ஒரு ஜோன் சிங்கிளேர் ஸ்கொட்லாந்து முழுவதையும் தேவாலயப் பங்கு வாரியாக விசாரித்து எழுதுவித்தார். புள்ளிவிபரம் என்ற சொல்லையே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தானாம். எண்பதுகளில் இன்னொருவர் மலிவான வீட்டுக் கணினி செய்து ‘சேர்’ பட்டம் வாங்கினார். அவரே பிறகு செய்த மூன்று சில்லு மின்வண்டியை ஆட்கள் பார்த்துச் சிரித்தார்கள் என்று படித்தபோதுதான் ஹரிசனுக்கு அன்றைய பாண் தொண்டைக்குள் இறங்கியது.

ஒரு நாள் எதற்கும் என்று தன் பெயரையும் தேடிப் பார்த்தான். மகேந்திரராசா என்று போட்டால் மரண அறிவித்தல்கள்தான் அதிகம் வந்தன. கணினியை மூடிவிட்டு எழும்பிப் போனான்.

ஆனால் தேடியது கிடைக்காமல் போகவில்லை. 1612ஆம் ஆண்டு ஆவணி மாதம், கப்டன் ஜோர்ஜ் சிங்கிளேர் என்பவர் ஸ்கொட்லாந்துக் கூலிப்படையோடு, சுவீடன் அரசருக்குச் சண்டை பிடிக்க நோர்வே வழியாக நடந்து போயிருக்கிறார். குட்பிரான்ஸ்தாலில், கிறிங்கன் என்ற இடத்தில், நோர்வே விவசாயிகள் மலைச்சரிவில் பதுங்கியிருந்து மரக்குற்றிகளையும் கல்லையும் உருட்டிவிட்டு அந்தப் படையை நாசம் செய்தார்கள். முதல் வெடியிலேயே கப்டன் காலி. அந்த இடத்தில் நினைவுக்கல்கூட இருக்கிறதாம். ஹரிசன் அந்தப் பக்கத்தை மூன்று தரம் படித்தான். பிறகு கோடை விடுமுறைக்குக் காரில் வடக்கே போகலாம் என்று டிலக்சியிடம் சொன்னான்.

ஐந்து மாத வயிற்றோடு அவள் நாலு மணித்தியாலம் காரில் இருந்தாள். கிறிங்கன் இருக்கும் ஒட்டாவுக்குக் கிட்டப் போனதும் அவன் திடீரென்று வண்டியைத் தெருவோரம் ஒதுக்கினான்.

“ஏன் நிப்பாட்டினனீங்கள்?”

“சும்மா. கால் நீட்டுவம். ஏதோ ஒரு பழைய கல் கிடக்கு, பாப்பம்.”

கல்லுக்குக் கிட்டப் போய், அங்கே எழுதியிருந்ததை அவள் நின்று வாசித்தாள். அவன் மரங்களைப் பார்ப்பதுபோல நடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் வாசித்து முடித்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“ஹரிசன், ஒரு சிங்கிளேரைச் சுட்ட இடத்தைக் காட்டவோ என்னை முன்னூறு கிலோமீற்றர் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?”

“எனக்குத் தெரியாது இஞ்சை எண்டு.”

“பொய் சொல்லேக்கை உங்களுக்குக் காது சிவக்கிறது.” அவள் கல்லில் சாய்ந்துகொண்டு முதுகைப் பிடித்தாள். சிரித்தாள்தான், ஆனால் அது வழக்கமான சிரிப்பு இல்லை. “இந்த மனுசன் இந்த நாட்டிலை எத்தனை நாள் இருந்தவர்?”

“ஒரு கிழமை வரும்.”

“ஒரு கிழமை. நானூறு வருசமா அவற்றை பேர் இஞ்சை நிக்குது. உங்கடை அப்பா வந்து முப்பத்தெட்டு வருசம். இன்னும் அவற்றை பேரை ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. இதைப் பாத்து உங்களுக்கு என்னண்டு சந்தோசம் வந்தது?”

அவன் அந்த விதமாக யோசித்திருக்கவில்லை. யோசித்ததும் செத்துக் கிடந்த கப்டனிலும் அவனுக்குப் பொறாமை வந்துவிட்டது.

அன்றைக்குத்தான், அந்தக் கல்லடியில், அவள் ஏன் அந்தப் பெயரை வைத்திருக்கிறாள் என்று சொன்னாள். அவளுடைய தகப்பன் இரத்தினவேல், அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது கொழும்புக்குப் போய் வேறு குடும்பமாகிவிட்டவர். “இரத்தினவேல் எண்ட பேரை நான் இருவத்தைஞ்சு வருசம் சுமந்தனான். அவர் என்னைச் சுமந்தது மூண்டு வருசம். சரி, அதை விட்டிட்டு மகேந்திரராசா எண்டு போடுறன் எண்டு வையுங்கோ. மாமா தங்கமான மனுசன். ஆனா அவர் எனக்கு அப்பாவோ? உங்கடை அப்பான்ரை பேரை நான் ஏன் போடோணும்? சிங்கிளேர் ஆற்றையும் அப்பா இல்லை. அது ஒரு ஊர். எனக்கு அது சுகமாக் கிடக்கு.”

“அது அந்திரேயாஸின்ரை.”

“அந்திரேயாஸே இப்ப எனக்கு ஞாபகம் வாறது நீங்கள் சொல்லேக்கைதான்.”

இதைக் கேட்டு ஒரு மனிதன் திருப்திப்பட்டிருக்க வேண்டும். ஹரிசன் ஒஸ்லோ வந்து சேரும் வரைக்கும், அவள் அவனை ஞாபகம் வைத்திருக்கிறாள் என்று அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றுதான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தான்.

கார்த்திகையில் பெண் பிள்ளை பிறந்தது. ஆதிரை என்று பெயர், அதில் இருவருக்கும் ஒரே மனம். பின்பெயர்தான் மிச்சம். ஹரிசனின் தகப்பன் மகேந்திரராசாவைப் பொறுத்தவரை அதில் கதைக்கவே ஒன்றும் இல்லை. முப்பத்தோராம் நாள் ஸ்டோவ்னரில் உள்ள தன் வீட்டில் ஐம்பது பேருக்குச் சாப்பாடு கொடுத்தார். கேக் வந்தது. கேக்கில் ரோஸ் நிறத்தில் ஆதிரை மகேந்திரராசா.

அந்த மனிதனின் சந்தோசத்தையும் குறை சொல்ல முடியாது. வந்த புதிதில் கந்தையா மகேந்திரராசா என்று பதிந்ததால், முதலில் இருந்த தகப்பன் பெயரைத்தான் அவர் பெயர் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஹோட்டல் குசினியில் முப்பது வருடம் அவரைக் கந்தையா, கந்தையா என்றே கூப்பிட்டார்கள். செத்துப்போன தகப்பனின் பெயருக்கு ஓம் ஓம் என்று சொல்லியே அவர் ஓய்வு பெற்றார். அவருடைய சொந்தப் பெயரோ மனைவி கமலேஸ்வரியோடும் மகனோடும் ஒட்டிக்கொண்டு, குடும்பப் பெயராகிவிட்டது. இப்போது பேத்திக்கும் வரப்போகிறது.

“தம்பி, இனி என்ரை பேர் இந்த நாட்டிலை நிக்கும். உன்ரை பிள்ளையோடை நிக்கும்” என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லி அவர் கண்ணைத் துடைத்தார்.

ஹரிசனுக்குச் சுருக்கென்றது. ஏன் என்று அவனுக்கே முதலில் விளங்கவில்லை. கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் விளங்கியது. மனைவி அந்திரேயாஸின் பெயரோடு நிற்கிறாள். பிள்ளை அப்பாவின் பெயரோடு நிற்கப் போகிறது. அவனுடைய பெயர் எங்கே? தமிழ் முறைப்படி பார்த்தால் பிள்ளைக்குப் பின்னால் வர வேண்டியது தகப்பன் பெயர். ஆதிரையின் தகப்பன் மகேந்திரராசா இல்லையே. ஆதிரை ஹரிசன், அதுதானே முறை? அவனுடைய நண்பன் ரிசாந் தன் பிள்ளைகளுக்கு அப்படித்தான் வைத்திருந்தான்.

பெற்ற தகப்பனிலேயே அவனுக்குப் பொறாமை வந்தது. அதை நினைக்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது, ஆனால் வந்தது வந்ததுதான்.

பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனபோது டிலக்சி, கேட்காமல் கொள்ளாமல், ஒரு பெரிய காரியம் செய்தாள். பெயர் பதியும் படிவத்தை, இந்த நாட்டில் அதையும் கவனிக்கும் வரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் நிரப்பி, தன் பக்கச் சம்மதத்தையும் கொடுத்து, அவனுடைய சம்மதத்துக்கு அனுப்பிவிட்டாள். பால் கொடுத்துக்கொண்டு, நிமிராமலே சொன்னாள்:

“படிவம் அனுப்பிக் கிடக்கு. மகேந்திரராசா எண்டு போட்டிருக்கிறன். நீங்கள் ஓம் எண்டு அமத்தினாச் சரி.”

நாலு வருடமாக எதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தானோ அது கையில் வந்து விழுந்திருந்தது. சிங்கிளேர் தோற்றுவிட்டது. கிறிங்கனில் போலக் கல் உருட்டாமலே வென்றுவிட்டான். அமத்த வேண்டியது ஒரேயொரு பொத்தான்.

“பாக்கிறன்” என்றான்.

அவன் அமத்தவில்லை. டெலிபோனில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் கேக்கும் தகப்பனின் ஈரக் கண்ணும்தான் முன்னால் வந்தன. ஹரிசன் என்று மாற்று என்று டிலக்சியிடம் சொல்லலாம். சொன்னால் அப்பாவிடம் யார் போய்ச் சொல்வது? பேத்தியின் பெயரிலிருந்து உங்களை வெட்டிவிட்டேன் என்று அந்த மனிதனின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? டிலக்சி இரண்டு தரம் ஞாபகப்படுத்தினாள். “ஆறு மாதத்துக்கை குடுக்கோணும்” என்றாள். “ஓம் ஓம்” என்றான்.

அவன் மனதுக்குள் ஒரு கெட்டித்தனமான திட்டம் இருந்தது. ஆறு மாதமும் கடந்து போகட்டும். ஒன்றும் எழுதாத பிள்ளைக்கு அரசாங்கம் தானே ஒரு பெயர் போடத்தானே வேண்டும்? தகப்பன் பெயரைத்தான் போடுவார்கள், வேறு என்னத்தைப் போடுவார்கள். ஹரிசன் என்று போட்டால் நல்லது, அப்பாவிடம் ‘நான் இல்லை, சட்டம்’ என்று கையை விரித்துவிடலாம். மகேந்திரராசா என்று போட்டாலும் போகட்டும், தானாகக் கொடுத்ததாக இருக்காது. எந்த ஊரிலாவது தகப்பன் இருக்கத் தகப்பன் பெயர் இல்லாமல் பிள்ளை வளருமா? இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்த ஹரிசன் இந்த இடத்தில் மட்டும் நூற்றுக்கு நூறு ஊர்க்காரனாக யோசித்தான். சிங்கிளேர்களின் அறுநூறு வருடத்தை வரி வரியாகப் படித்தவன், படிவத்தின் கீழே இருந்த இரண்டு வரியைப் படிக்கவில்லை.

வைகாசியில் கடிதம் வந்தது. ஆறு மாதத்துக்குள் பின்பெயர் அறிவிக்கப்படாதபடியால், சட்டப்படி, பிள்ளைக்குத் தாயின் பின்பெயர் பதியப்பட்டுள்ளது. ஆதிரை சிங்கிளேர்.

ஹரிசன் அதை நின்றபடி வாசித்தான், பிறகு இருந்து வாசித்தான். டிலக்சி பிள்ளையோடு உலாத்திவிட்டு வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே கடிதத்தை நீட்டினான்.

“உமக்கு இது தெரியுமோ?”

அவள் வாசித்தாள். “ஓம். படிவத்திலை இருந்தது.”

“தெரிஞ்சும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“ஆறு மாதம் எண்டு ரெண்டு தரம் சொன்னனான். அந்தப் பொத்தானை அமத்தாததுக்கு ஏதோ காரணம் இருக்கு எண்டு நினைச்சன். இருந்ததோ?”

அவன் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். கேக், அப்பா, தன் பெயர், அரசாங்கம் போடும் என்று காத்திருந்தது. சொல்லச் சொல்ல அது எவ்வளவு சின்னத்தனம் என்று அவன் காதுக்கே கேட்டது. கடைசியில், “மாத்தலாம். ரெண்டு பேரும் சம்மதிச்சா மாத்தலாம். இப்பவே செய்வம்” என்றான்.

“என்ன எண்டு மாத்துறது?”

அவன் வாய் திறந்தான். அப்பாவா, தானா என்று அப்போதும் அவனுக்குள் முடிவாகவில்லை.

“பாத்தீங்களோ” என்றாள் டிலக்சி. குரல் உயரவில்லை. “நான் முதல்முறை உங்களுக்காக ஓம் எண்டு குடுத்தனான். மகேந்திரராசா எண்டு எழுதேக்கை எனக்கு லேசா இருக்கேல்லை. என்ரை பிள்ளை, எனக்கு இல்லாத பேரோடை வளரட்டும் எண்டு எழுதினனான். உங்களுக்கு அது தெரியேல்லை. அந்திரேயாஸோடை போட்டி முடிய மாமாவோடை போட்டி. நாளைக்கு ஆரோடை? பிள்ளைக்கு எண்டு ஒரு பேர் தேடுங்கோ, நான் சம்மதிக்கிறன். ஆரையோ அழிக்கிறதுக்கு எண்டா நான் கையெழுத்து வைக்கமாட்டன்.”

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. ஆனால் அவன் பின்னால் போகவும் இல்லை.

மகேந்திரராசாவுக்கு ஹரிசன் நேரில் போய்ச் செய்தி சொன்னான். மகன் சொன்ன ‘நான் இல்லை, சட்டம்’ என்பதைக் கேட்டு மெதுவாகத் தலையாட்டினார். கமலேஸ்வரிதான், “ஆறு மாதம் நீ என்னடா செய்துகொண்டிருந்தனி?” என்று கேட்டாள்.

ஆடி மாதம் டிலக்சி வேலைக்குப் போக, அவன் தகப்பன்மாருக்கான விடுப்பில் வீட்டில் நின்றான். பிள்ளையின் எட்டாம் மாதப் பரிசோதனைக்குக் குழந்தை நல நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதும் அவன் பொறுப்பு. வழியெல்லாம் அவனுக்குள் அதே புழு குடைந்துகொண்டிருந்தது. ஆனால் இந்தத் தடவை அந்திரேயாஸின் முகம் வரவில்லை. வந்தது வேறு. வீட்டில் இருவருக்கு ஒரு பெயர். கடிதம் வந்தால் இருவருக்கும் ஒரே மாதிரி வருகிறது. தாயும் மகளும் ஒரு வீட்டுக்காரர் போலவும், அவன் அங்கே அறை எடுத்துத் தங்கியிருப்பவன் போலவும் இருந்தது. அவர்கள் இருவரிலும் அவனுக்குப் பொறாமையாக இருந்தது. எட்டு மாதப் பிள்ளையிலுமா என்றால், ஓம், அவளிலும்தான்.

தாதி புதியவள், இளம்பெண். பிள்ளையை நிறுத்துப் பார்த்து, உயரம் அளந்து, நன்றாக வளர்ந்திருக்கிறாள் என்றாள். ஆதிரை தராசில் இருந்தபடி கையை முழுவதுமாக வாய்க்குள் விட்டுச் சப்பிக்கொண்டிருந்தாள். தாதி கணினிக்கு முன்னால் போய் இருந்து, பிள்ளையின் பெயரைப் பிழையில்லாமல், ஒரே மூச்சில் வாசித்தாள். சிங்கிளேர் என்பது அவள் வாயில் பட்டுப்போல வந்தது.

“நீங்கள் அப்பாவா?” என்று நோர்வே மொழியில் கேட்டாள்.

“ஓம். அப்பா.”

“உங்கள் பெயரும் சிங்கிளேர்தானா?”

மகேந்திரராசா என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். அவள் எழுத்துக் கூட்டிச் சொல்லும்படி கேட்பாள், அவன் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுவான், பிறகு அவள் பிள்ளையையும் அவனையும் ஒருமுறை மாறி மாறிப் பார்ப்பாள். ஆதிரை வாயிலிருந்து கையை எடுத்து, எச்சிலோடு அவன் சட்டையைப் பிடித்தாள்.

“ஓம்” என்றான் ஹரிசன். “நாங்கள் மூன்று பேரும்.”

தாதி அதைக் கணினியில் தட்டினாள். அவன் பார்த்துக்கொண்டு நின்றான், திருத்தச் சொல்லவில்லை.